மதாமின் கடைவாய்ப்பல்

மதாம் நேற்றிலிருந்து களியைத் தொடவில்லை என்று தையல்நாயகி சொன்னபோது, தோட்டக் கமிட்டியின் செயலாளர் பஞ்சநாதன் கேட்ட முதல் கேள்வி, "சோடா குடிச்சுதா?" என்பதுதான்.

"அது குடிக்குது."

"அப்ப என்னா? நல்லாத்தான் இருக்குது."

மதாம் ஒரு பெண் கரடி. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும், பஞ்சு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு துரை தன் பியானோவையும் ஒயின் பெட்டிகளையும் மனைவியையும் அந்த வரிசையிலேயே கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்ற முடியாததை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரின் தெற்குக் கோடியில் ஒரு தோட்டம், அதில் இந்தக் கரடி, ஒரு முதலை, கொஞ்சம் மான், மயில், இரண்டு கூழைக்கடா, எத்தனை என்று தங்களுக்கே தெரியாத குரங்குகள். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு கமிட்டி போட்டு, தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கரடிக்குத் துரை வைத்திருந்தது அவருடைய மாமியாரின் பெயர் என்று பேச்சு. அதைச் சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. மதாம் என்றார்கள். அதற்கும் அது திரும்பிப் பார்த்தது.

தையல்நாயகி நெல்லித்தோப்புக்காரி. மில்லில் நூல் பிரிவில் இருந்தவள். ஆட்குறைப்பில் வெளியே வந்து, தோட்டத்தில் சருகு கூட்டச் சேர்ந்தாள். மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகனோடு காரைக்காலுக்குப் போய்விட, சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. கை பெரிது. குரல் அதைவிடப் பெரிது. மில் இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் என்பதால், அவள் ரகசியம் சொன்னால் முதலை தண்ணீருக்குள் இறங்கும்.

கரடிக் கூண்டுக்கு இரண்டு அறை. வெளிக்கூண்டு ஜனங்கள் பார்க்க, உள்கூண்டு மதாம் படுக்க. நடுவில் சங்கிலி இழுத்தால் மேலே ஏறும் இரும்புக் கதவு. காலையில் மதாமை உள்ளே விட்டுக் கதவை இறக்கி, வெளியே கழுவிவிட்டு, சாப்பாட்டை வைத்து, பூட்டைச் சரிபார்த்து, பிறகு கதவை ஏற்ற வேண்டும். மனுஷி இருக்கும் பக்கம் கரடி இருக்கக் கூடாது. தோட்டத்தில் எழுதி வைக்காமலே எல்லோரும் மதித்த சட்டம் அது ஒன்றுதான். எழுதி வைத்த சட்டமும் ஒன்று உண்டு: 'மிருகங்களுக்குத் தீனி கொடுக்காதீர்.' பிரெஞ்சில் துரை எழுதியது, தமிழிலும் இங்கிலீஷிலும் கமிட்டி எழுதியது. மூன்று மொழிக்கும் ஜனங்கள் பாரபட்சம் இல்லாமல் ஒரே மரியாதையைக் கொடுத்தார்கள்.

அந்த மரியாதைக்குத் தலைமை தாங்கியவன் கோவிந்தராசு. தோட்ட வாசலில் சோடாக் கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ஒரு நன்னாரி கலர் சோடாவை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு வருவான். கோலியைத் தட்டி உள்ளே தள்ளுவான். பாட்டிலை உயர்த்தி, "சாந்தே, மதாம்!" என்று பழைய துரைகள் மாதிரி ஆரோக்கியம் வாழ்த்துவான். தான் ஒரு மடக்கு குடித்து, உதட்டைத் துடைத்து, மீதியைக் கம்பிக்குள் நீட்டுவான். மதாம் பின்னங்கால்களில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, அண்ணாந்து குடிக்கும். குடித்து முடித்து ஏப்பம் விடும். அந்த ஏப்பத்துக்காக விழுப்புரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். ஏப்பம் கேட்டவர்களுக்குத் தாகம் எடுத்தது. கடையில் பாட்டில் மிஞ்சாது.

தையல்நாயகிக்கு இது ஆகவே ஆகாது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கூண்டு கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டுவாள்.

"ஏ கலரு! உன் வயித்த நிரப்பத்தான் இந்த ஜீவன் பொறந்துதா?"

"நான் என்னா வெஷமா குடுக்கறேன்? சக்கரைத் தண்ணி. நீ களியில கொட்டற வெல்லத்தைவிடக் கம்மிதான்."

அது உண்மை. மதாமுக்குக் களி பிடிக்க வேண்டும் என்று அவள் வெல்லத்தைக் கட்டி கட்டியாகக் கரைத்தாள். கேட்டால், சோடா கெடுதல், வெல்லம் சத்து என்பாள்.

சாப்பாட்டை நிறுத்திய மதாம் கூண்டின் மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடியது. பஞ்சநாதன் தொப்பியோடு வந்து வெகுநேரம் பார்த்தார். பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத்தான் விடுவார்.

"கர்ப்பமா இருக்குமோ?"

"யாரால?" என்றாள் தையல்நாயகி.

பஞ்சநாதன் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துத் தொட்டியில் முதலை வாயைத் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் வேறு பேச்சுக்குப் போனார்.

தையல்நாயகியின் கண்டுபிடிப்பும் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணேறு என்று நினைத்தாள். இத்தனை பேர் பார்த்தால் படாமல் இருக்குமா என்று மிளகாயும் உப்பும் சுற்றிக் கூண்டுக்கு எதிரில் நெருப்பில் போட்டாள். மதாம் தும்மித் தும்மித் தலையைக் கம்பியில் மோதிக்கொண்டது. மறுநாள் இடது கன்னம், கண்ணுக்குக் கீழே, தேங்காய் மூடி அளவுக்கு வீங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. அதில் வந்த நாற்றத்துக்கு முதலைத் தொட்டியே பன்னீர்.

அப்போதும் யாருக்கும் அவசரமில்லை. அவசரம் வந்தது ஞாயிற்றுக்கிழமைதான். மதாம் பாட்டிலை வாங்கி, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, பாதியைத் தரையில் விட்டுப் பாதியைக் குடித்தது. பிறகு வந்த ஏப்பத்தில் முன்வரிசை முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. அன்றைக்கு ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை. அடுத்த காலை கோவிந்தராசு தானே தையல்நாயகியைத் தேடி வந்தான்.

"தையலு, சண்டையெல்லாம் அப்பறம் வெச்சிக்கலாம். அதுக்குப் பல்லு சொத்தை. எங்க வூட்ல சுலோசனாவுக்கு இப்பிடித்தான் வீங்குச்சு. புடுங்கினதும் சரியாப் போச்சு. சாப்பாடு, திட்டு எல்லாம் பழைய மாதிரி."

"உன் கலரால வந்த சொத்தை."

"சரி, என் கலரு பாதி, உன் வெல்லம் பாதி. இப்ப என்னா பண்ணப் போற?"

ரெட்டியார்பாளையத்திலிருந்து மாட்டு டாக்டர் இருசப்பனைக் கூட்டிவந்தார்கள். அமைதியான மனிதர். கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பல்தான்" என்றார்.

"புடுங்கிடுங்க டாக்டரே."

"மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாதும்மா. அந்த வசதியிலதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். தூங்க வெக்கறது என் பொறுப்பு. குதிரைக்கு வயித்துவலி வந்தா குடுக்கற மருந்து இருக்குது, குளோரல். பயங்கரக் கசப்பு. குடிக்க வெக்கறது உங்க பொறுப்பு. பல்லுக்கு வேற ஆளப் பாருங்க."

ஊரில் பல் மருத்துவர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மெட்ராசில் கல்யாணம் ஒன்று ஞாபகம் வந்து பஸ் ஏறிவிட்டார். பஞ்சநாதன்தான் தெய்வநாயகத்தை நினைத்தார். தெய்வநாயகம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் வேலை பார்த்து, பென்ஷனும் மெடலும் ஒரு பெட்டி நிறைய குறடுகளுமாகத் திரும்பியவர். மாலையானால் கடற்கரையில் உட்கார்ந்து, லெஜியன் படை முரடர்களின் பற்களைப் பற்றிப் பேசுவார்.

"கரடியா?" என்றார். "முசியே பஞ்சநாதன், சைகோன்ல ஆயிரக்கணக்கான பல்லு பார்த்தவன் நான். அந்த லெஜியன்காரனுங்களுக்கு இது எவ்வளவோ சாது."

எல்லோருக்கும் தெம்பு வந்தது.

குறித்த நாளுக்கு முந்தின நாள் மதாமுக்குச் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சடைத்துச் செத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் தோட்ட வாசலைச் சாத்தி வைத்தார்கள். மதாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காலித் தொட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டது. தையல்நாயகி அதைப் பார்க்க மாட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு கயிறுகளைச் சரிபார்த்தாள். காரணமில்லாமல் குரங்குகளைத் திட்டினாள்.

டாக்டர் மருந்தை இரண்டு நன்னாரி பாட்டிலில் கலந்தார். கோவிந்தராசு முதல் பாட்டிலோடு கூண்டை நெருங்கினான். "சாந்தே, மதாம்!" என்று சொல்லிக் கம்பிக்குள் நீட்டினான்.

மதாம் முகர்ந்தது. பாட்டிலைத் தொடவில்லை. அவன் வாயையே பார்த்தது.

"நீ குடிக்கலையே" என்றாள் தையல்நாயகி. "நீ குடிச்சப்பறம்தானே அது குடிக்கும்."

கோவிந்தராசு பாட்டிலை உதட்டில் வைத்து, தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கி, உதட்டைத் துடைத்தான். நாடகத்தில் சேர்க்கலாம் போலத்தான் இருந்தது. மதாம் அசையவில்லை.

"ஏமாத்தாதய்யா, அது உன்னைவிட வெவரம்."

"இது குதிரை மருந்து தையலு!"

"ஒரு மடக்குல ஒண்ணும் ஆவாது" என்றார் டாக்டர். பிறகு நியாயமானவர் என்பதால், "பெருசா ஒண்ணும் ஆவாது" என்று திருத்திக்கொண்டார்.

கோவிந்தராசு கரடியைப் பார்த்தான். சாத்தியிருந்த தன் கடையைப் பார்த்தான். ஒரு மடக்கு விழுங்கினான். முகம் பிழிந்த எலுமிச்சைத் தோலாகச் சுருங்கியது. ஆனாலும் தொழில் பக்தி உள்ளவன், உதட்டைத் துடைக்க மறக்கவில்லை. மதாம் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்தது. கசப்பு தொண்டைக்குப் போனபின்தான் தெரிந்ததுபோல, தலையை உதறி அவனைப் பார்த்து உறுமியது. இரண்டாவது பாட்டிலுக்கு அதன் சந்தேகம் அதிகம். இவன் இரண்டு பெரிய மடக்கு குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. தாகம் மதாமை வென்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். முதலில் கால் தளர்ந்தது கோவிந்தராசுக்கு. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னான். அதே வாக்கியத்தை இன்னொரு முறை ஆரம்பித்து, பாதியில் சாணி வண்டியின் மேல் சாய்ந்தான். மதாம் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, பெரிய பெருமூச்சோடு பக்கவாட்டில் சரிந்தது. இரண்டு குறட்டைகள் கேட்டன. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. டாக்டர் கம்பியில் காதை வைத்துக் கரடியின் மூச்சைக் கேட்டார். ஓடிவந்து கோவிந்தராசின் நாடியைப் பிடித்தார். மறுபடி கரடிக்கு ஓடினார்.

மூங்கிலால் மதாமைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார்கள். தையல்நாயகி முதன்முறையாகக் கரடி இருக்கும் பக்கத்துக்குள் நுழைந்தாள். கால்களைக் கட்டினார்கள். தாடைகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டார்கள். மேல் தாடையில், கடைசிக்கு முந்தின பல் கறுத்துப் பிளந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

தெய்வநாயகம் மெடல் குத்திய கோட்டைக் கழற்றி மடித்தார். பெட்டியைத் திறந்தார். ஒரு குறட்டை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நெற்றியில் வேர்வை.

"முசியே, சீக்கிரம்" என்றார் பஞ்சநாதன், கூண்டுக்கு வெளியே இருந்து.

"நான் சொன்னதுல ஒண்ணைச் சரியா புரிஞ்சிக்கணும்" என்றார் தெய்வநாயகம் மெதுவாக. "ஆயிரம் பல்லு பார்த்தவன்னுதான் சொன்னேன். புடுங்கினவன்னு சொல்லல. புடுங்கறது எங்க டாக்டர், காப்பித்தேன் துரை. நான் விளக்கைப் புடிச்சிக்கினு, ஆளு எழுந்து ஓடாம தோளை அமுக்கிக்கினு இருப்பேன்."

தையல்நாயகி அவரைத் திட்ட வாயெடுத்தாள். சொற்கள் நிறைய வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. மதாமின் கன்னம் மூச்சுக்கு மூச்சு நடுங்கியது. அவள் அவர் கையிலிருந்த குறட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தோளை அமுக்கத் தெரியுமில்ல? அமுக்கு. காப்பித்தேன் என்னா செய்வாருன்னு வாயால சொல்லு."

அதை அவர் நன்றாகவே செய்தார். பல்லை நெருக்காதே, ஈறுக்குள்ளே இறக்கு, இழுக்காதே, முதலில் வெளிப்பக்கம் சாய், பிறகு உள்பக்கம், அவசரப்பட்டால் உடையும். அவள் அவசரப்பட்டாள். உடைந்தது. கறுப்புத் துண்டு ஒன்று குறட்டில் வந்தது, மீதி அங்கேயே நின்றது. "மெர்த்!" என்று பிரெஞ்சில் வைதார் தெய்வநாயகம். காப்பித்தேனும் இந்த இடத்தில் அதைத்தான் சொல்வாராம். அவள் முழங்கை வரை கரடியின் வாயில் விட்டு, மறுபடி பிடித்து, சாய்த்தாள். ஏதோ உள்ளே விட்டுக்கொடுத்ததைக் கை உணர்ந்தது. சீழ் பொங்கிப் புடவையில் வழிந்தது. வேரோடு மீதிப் பல்லும் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே இழுத்துவிட்டிருந்த நாக்கு அசைந்து, அவள் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது.

"முழிக்குது!" என்றார் டாக்டர். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவினோம் என்று பேர் பண்ணி, கட்டையை எடுத்து, கயிற்றை அறுத்து, மூவரும் ஒரே கதவில் ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். பூட்டைப் போட்டபின் தையல்நாயகி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறாளே என்று பஞ்சநாதன் ஆறுதல் சொல்லப் போனார். "தூரப் போய்யா" என்றாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அவர் தெரிந்துகொண்டார்.

கோவிந்தராசு விழிக்கவில்லை. அவனைச் சாணி வண்டியிலேயே வைத்து நெல்லித்தோப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில் கள்ளுக்கடை வாசலைத் தாண்டித்தான் வழி. சுலோசனா விளக்கம் எதையும் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளியோடு வந்தாள். அதற்கும் விழிக்காதபோதுதான், புருஷன் உண்மையிலேயே நல்ல காரியத்துக்காகத் தூங்குகிறான் என்று நம்பினாள்.

வீக்கம் வடிந்தது. மதாம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு நம்பிக்கை போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடி நிற்க, கோவிந்தராசு நல்ல நன்னாரி கலரோடு வந்து, "சாந்தே, மதாம்!" என்றான். ஒரு மடக்குக்குப் பதிலாக மூன்று மடக்கு குடித்துக் காட்டினான். மதாம் எழுந்து, திரும்பி, பின்பக்கத்தை அவனுக்கும் விழுப்புரம் பஸ் ஜனங்களுக்கும் காட்டியபடி நிதானமாக மூத்திரம் பெய்துவிட்டு உள்ளே போனது. வாரா வாரம் முயன்றான். எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் காட்டினான். பாட்டில் சத்தம் கேட்டாலே உள்கூண்டுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் மூன்று மொழியில் பலகை வைத்துச் செய்ய முடியாததை ஒரு வேளைக் கசப்பு செய்துவிட்டது.

தையல்நாயகியால் சந்தோஷப்பட முடியவில்லை. பாட்டிலோடு நிற்கவில்லை மதாமின் சந்தேகம். தட்டு, தொட்டி, வாளி, மனிதர் நீட்டிய எதிலும் அது வாய் வைக்க மறுத்தது. பல்லுக்குப் பயந்து வெல்லம் போடாமல் செய்த களி தட்டிலேயே காய்ந்தது. உடம்பு வற்றி ரோமம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் கோபத்தில் களியை வீசி எறிந்தாள். அது கூண்டு ஓரம் கிடந்த உடைந்த மண் குழாய்க்குள் விழுந்தது. மதாம் போய் மோப்பம் பிடித்தது. மூக்கைக் குழாய் வாயில் வைத்து, புஸ்ஸென்று ஊதியது, பிறகு உறிஞ்சியது. மாட்டு வண்டி சேற்றிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கும் சத்தம். புற்றில் கறையான் தின்னும் ஜாதி அது. யாரும் நீட்டாமல் தானே கண்டுபிடித்தது என்பதால் களியும் அதற்குச் சம்மதமாகிவிட்டது.

அதிலிருந்து அவள் காலையில் கூண்டு கழுவிய கையோடு, குழாயிலும் மூங்கில் துளையிலும் கல் இடுக்கிலும் களியையும் பழத்தையும் ஒளித்து வைத்தாள். தினமும் இடத்தை மாற்றினாள். மதாமுக்கு ஆடிக்கொண்டிருக்க நேரமில்லாமல் போயிற்று. நாள் முழுக்கத் தேடுதலும் ஊதலும் உறிஞ்சலும். சத்தம் வாசல் வரை கேட்டது. ஜனங்கள் ஏப்பத்தை மறந்து இதைப் பார்க்க வந்தார்கள். கோவிந்தராசு கடையைக் கூண்டுக்கு எதிரே மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டான்.

"பாட்டிலத் தொறக்கறப்ப சத்தம் வரக்கூடாது" என்றாள் தையல்நாயகி.

"சோடாவை எப்பிடி தையலு சத்தமில்லாம தொறக்கறது?"

"அது உன் தொழிலு."

அவன் துணியைப் போட்டு மூடித் திறக்கக் கற்றுக்கொண்டான்.

அறுபதாம் வருஷம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வந்தார். பஞ்சநாதன் வெளுத்த வெள்ளைக் கோட்டும் சூட்டுமாக வந்து, இந்த ஏற்பாடு முழுவதும் கமிட்டி நெடுநாள் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்று விளக்கினார். அன்றைய களி அடைத்த குழாயின் ஒரு முனை கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எப்படிச் சாப்பாடு வைக்கிறோம் பாருங்கள் என்று காட்ட, பஞ்சநாதனே குனிந்து அந்த முனைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். மறுமுனைக்கு மதாம் வந்துகொண்டிருந்தது.

தையல்நாயகிக்குத் தெரிந்தது. அது முதலில் ஊதும், பிறகுதான் உறிஞ்சும். ஊரே கேட்கும் குரல் அவளுக்கு. ஏனோ அன்றைக்கு அது தொண்டையை விட்டு வரவில்லை.